பூட்டைக் கழற்றிய கணக்கு

யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தேதான், ஸ்ரீரங்கத்துக் காற்றைச் சாட்சி வைத்து, இந்தக் கதையை உனக்கு எழுதுகிறேன். உன் காரியமெல்லாம் முடிந்து, உன் வீட்டார் நேற்று உன் பழைய லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார்கள். திறந்தால், விசைப்பலகை எழுத்துகளுக்கு இடையிலெல்லாம் உன் மூக்குப்பொடி. நான் போட்ட தும்மலில் காவிரி நாலு படி பின்வாங்கியதாக அம்மா மண்டபப் படித்துறையில் பேச்சு.

தும்மல் அடங்கியதும் திரையில் நம் கோப்பு. சர்க்கரை நோயாளிகளின் கண்ணைப் பரிசோதிக்கத் தொட்டியம் பக்கம் மாதாமாதம் போய்வந்த வேனைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று மேலிடம் நம்மைக் கேட்டிருந்தது. என்ன செலவாகும், அதனால் எத்தனை பேருக்குப் பார்வை தப்பும் என்று பல வருஷத்தை முன்கூட்டியே போட்டுப் பார்க்கிற கணக்கு. மன்னார்புரம் அலுவலகத்தில் நாம் இருவரும் அதைக் கட்டி முடிப்பதற்குள் இன்னொரு ராஜகோபுரமே எழும்பியிருக்கும். கடைசியில் வந்த விடை: வேன் வேண்டாம்.

கோப்புக்கு நான் பாஸ்வேர்டு போட்டேன். அதை மனப்பாடம் செய்யவே நாலு மாசச் சாதுர்மாஸ்யம் ஒன்று வேண்டும். நீ அதை என்னிடமே வாங்கிக் கழற்றி, சூத்திரம், ஊகம் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டாய். எவனாவது தப்பு கண்டுபிடித்தால் மானம் போகும் என்று கத்தினேன். நீ நிதானமாகப் பொடியை உறிஞ்சினாய்.

“நம்ம மானம் போனா திரும்ப வந்துடும்டா. கண்ணு போனா வராது.”

பத்தாம் நாள் தொட்டியத்திலிருந்து ஒரு நர்சம்மா போன் செய்தார். நீ ஸ்பீக்கரில் போட்டாய்.

“சார், வேன் வராட்டி எங்க சனங்க தானா திருச்சிக்கு வந்து கண்ணைக் காட்டிக்குவாங்கன்னு ஒரு வரி போட்டிருக்கீங்க. யாருங்க சொன்னது? வாழைத்தார் வெட்டுற நாள்ல பக்கத்துத் தெரு டாக்டர்கிட்டயே போகமாட்டாங்க.”

ஃபேன் நின்றது. ஊரில் அத்தனை பஸ்ஸும் நின்றன. உச்சிப்பிள்ளையார் எட்டிப் பார்த்தார். நீ மட்டும் அசராமல், அப்படி எத்தனை பேர்தான் வருவார்கள் என்று கேட்டாய். அவர் தம் பதிவேட்டைப் புரட்டிச் சொன்னார், விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ஒரு வரியை மாற்றினோம். விடை குப்புறப் புரண்டது. வேன் இன்றும் போகிறது.

மேலிடத்துக் கூட்டத்தில், அந்த வரியை எழுதியது யார் என்று கேட்டார்கள். “நாங்கதாங்க. திருத்தினது தொட்டியம் நர்சம்மா” என்றாய். கோப்பின் முதல் பக்கத்தில் அவர் பெயரையும் சேர்த்தாய்.

இப்போது நான் போடும் கணக்கிலெல்லாம், எந்த எண் எங்கிருந்து வந்தது, எது என் ஊகம் என்று பக்கத்திலேயே எழுதித் திறந்து வைக்கிறேன். போன வாரம்கூடக் காட்டூர்க்காரர் ஒருவர் விலாவாரியாகத் திட்டி எழுதியிருந்தார். நன்றி சொல்லித் திருத்தினேன்.

நான் ஊதிப் பெருக்கியதையெல்லாம் தள்ளிவிட்டால், ஒரு சின்ன உண்மை மிஞ்சும். அந்த வரி நம்முடையது அல்ல, என்னுடையது. வாசலிலேயே பஸ் ஏறுகிறவன், யாரையும் கேட்காமல் குருட்டாம்போக்கில் போட்டது. உனக்குத் தெரிந்திருக்கும், நீ ஒருநாளும் கேட்கவில்லை. நான் பூட்டுப் போட்டது அதை மறைக்கத்தான்.