வெள்ளிக்கிழமைச் செம்பருத்தி

என் உயிரான அக்கா,

நீ என்மேல் கோபத்தோடு போனாயா, கோபம் தீர்ந்து போனாயா? அது தெரியாமல்தான் இந்த இரண்டு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பேச வேண்டிய நாளிலெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன். என் புத்தி அப்படி.

நம் பாலோ ஊரில், நம் தாமான் குடியிருப்பில், புல் மண்டிக் கிடந்த சாக்கடை ஓரம் முழுக்க நீ செம்பருத்தி வைத்தாய். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யும் வேலை என்று அக்கம்பக்கத்தைக் கூட்டி, சீனத்து லிம் ஆன்ட்டி கையிலும் மலாய்க்கார ரோக்கியா மாச்சிக் கையிலும் மண்வெட்டியைக் கொடுத்துவிடுவாய். தெரு கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் உன் ஆசை. அதற்கு நீ போட்ட சட்டமும் ஒன்றே ஒன்று: யாரும் பறிக்கக் கூடாது.

நம் ஆட்கள் கேட்பார்களா? வெள்ளிக்கிழமை விடிந்தால் சாமி மேடைக்குப் பூ வேண்டும். ஏழு மணிக்கெல்லாம் செடிகள் மொட்டையாக நிற்கும். லிம் ஆன்ட்டியும் மாச்சிக்கும் தண்ணீர் ஊற்றினார்கள், நாம் பறித்துக்கொண்டு போனோம். நானும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாய்.

“சாமிக்குத்தானே பறிச்சேன், விக்கவா பறிச்சேன்?” என்றேன்.

“சாமிக்குன்னா உன் வீட்டுல செடி வையி. இது ரோட்டுக்கு வச்சது,” என்றாய்.

அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னால், “என் தங்கச்சியே திருடுறா, மத்தவங்கள என்னா சொல்றது?” என்று சிரித்தாயே. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று வீடு தள்ளி இருந்துகொண்டு ஐந்து மாதம் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று உன் மகள் அமுதா போன் போட்டாள். “சித்தி, அம்மா உங்கள கேக்குறாங்க. வாங்களேன்.” நான் ஓடி வந்திருக்க வேண்டாமா? நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். திமிர், வேறென்ன? மறுநாள் காலையில் நீ இல்லை.

இப்போது தெருவில் யாரும் பறிப்பதில்லை, அக்கா. நீ கத்தியபோது கேட்காதவர்கள், உன் காரியம் முடிந்ததிலிருந்து கை வைக்கத் தயங்குகிறார்கள். பூக்கள் சுருங்கிச் சாக்கடையில் விழுகின்றன. லிம் ஆன்ட்டி மட்டும் குனிந்து அள்ளிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை யாரும் கூடுவதில்லை. நீ ஆசைப்பட்டபடி தெரு சிவப்பாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

போன வாரம் அமுதா ஸ்கூடாயிலிருந்து வந்து உன் வீட்டை ஒழித்துக் காலி செய்தாள். பின்னால், துணி துவைக்கும் இடத்தில், இரண்டு பெயிண்ட் டின்னில் செம்பருத்தி இருந்தது.

“இது உங்களுக்கு, சித்தி. சண்டை போட்ட மறுவாரமே அம்மா வச்சாங்க. வெள்ளிக்கிழமைக்கு அவ இதுல பறிச்சுக்கட்டும், வந்து கேட்டா குடுக்கலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.”

வந்து கேட்டால். ஏன், நீயே தூக்கி வந்து என் வாசலில் வைத்திருக்கக் கூடாதா? மூன்று வீடுதானே? உன்னைத் திட்டவும் தோன்றுகிறது, உன் காலைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றுகிறது. அமுதா முன்னால் அழக்கூட முடியவில்லை. அவளே பாவம்.

டின் இரண்டும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. நாளை வெள்ளிக்கிழமை. நான்கு மொட்டு விட்டிருக்கிறது. எனக்குக் கை வராது, தெரியும். ஆனால் நான் பறிக்கத்தானே வளர்த்தாய்? அதையும் விட்டுவிட்டால், நீ கூப்பிட்டு இரண்டாம் தடவையும் வராதவள் ஆகிவிடுவேன். அதனால் பறிப்பேன், அக்கா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பறிப்பேன். உன் கட்டிலருகே வந்து நிற்காதவளுக்கு இனி உனக்கென்று செய்ய இது ஒன்றுதான் இருக்கிறது.

உன் ஒரே தங்கச்சி,
கமலா