தாழந்தீவின் விளக்கும் திருப்பிப் பார்க்காத ஏடும்

நலம் பெருகுக! வெண்கோட்டு நாட்டையும் அதன் கடல்கடந்த குடியேற்றங்களையும் ஆளும் செங்கழுநீர் நாச்சியாராகிய யாம், தாழந்தீவின் நாற்பதின்மர் சபைக்கும் அதன் தலைவர் எட்டி விழுப்பரையருக்கும் விடுக்கும் ஓலை. உங்கள் மாடங்கள் ஒளிர்க. உங்கள் வணிகக் கப்பல்கள் பழுதின்றித் துறை சேர்க. உங்கள் தீவின் மீன்தோணிகளும் அவ்வாறே சேர்க என்று வாழ்த்தத்தான் எண்ணினோம். அந்த வாழ்த்து பலிக்காமல் போனது பற்றியே இவ்வோலை.

நீங்கள் எமக்கு அனுப்பிய மனு வந்து சேர்ந்தது. கலங்கரை விளக்கின் காவலன் சுறவன் என்பவன், வணிகக் கப்பல் வராத வாடைக்காலத்தில் சபையின் ஆணையை மீறி நாற்பத்தொரு நாள் விளக்கை எரித்தான் என்றும், அவனை எண்ணெய்க் கிடங்கில் விலங்கிட்டு வைத்திருக்கிறீர்கள் என்றும், அவனை ஒறுத்துத் தண்டிக்க ஆணை தர வேண்டும் என்றும், மீனவர்கள் கிடங்கின் வாசலை விட்டு அகலாமையால் நூறு வீரர்களை உடனே அனுப்பியருள வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். பணிந்தும், மிகப் பணிந்தும், நெற்றி மண்ணில் படப் பணிந்தும் கேட்டிருந்தீர்கள். மூன்று பணிவு இல்லாத மனுவை உங்கள் சபை தொடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். எம்மிடமும் அந்த முறை தவறாத உங்கள் ஒழுங்கை மெச்சினோம்.

உங்கள் மனு வந்த மூன்றாம் நாள், உப்புத்தோணியில் ஏறி ஒரு பெண்ணும் எம் வாயிலுக்கு வந்தாள். வலம்புரியாள் என்று பெயர். கணவனை உங்கள் துறைப் பாறைக்குப் பறிகொடுத்தவள். அதன்பின் உடன்பிறந்த தம்பி ஒருவனே அவளுக்கு மிச்சமாய் இருந்தான், அவனும் தோணிக்காரன். வாடைக்காலத்திலும் விளக்கு எரிய வேண்டும் என்று உங்களிடம் மனுக் கொடுத்தவள் அவளே.

அவளுடைய முதல் மனுவைத் திருப்பிவிட்டீர்கள். அதில், “வெளக்க ஏத்துங்கய்யா, எங்காளுவ கர தெரியாம பாறையில மோதிச் சாவுறாவ” என்று எழுதுவித்திருந்தாளாம். ‘ஏத்துங்கள்’ என்பது சபைக்குரிய சொல் அன்று, ‘ஏற்றுமாறு’ என்றே இருத்தல் வேண்டும் என்று நீங்கள் அறிவுறுத்தியதாகச் சொன்னாள். அடுத்த முறை சொல்லைத் திருத்திக்கொண்டு வந்தாள்; கையொப்பத்துக்குப் பதில் தோணிப் படம் வரைந்திருந்தமையால் அதுவும் செல்லாது என்றீர்கள். தோணி எவருடைய மகன், எந்த ஊரான் என்றுகூட உங்களில் ஒருவர் கேட்டாராம், மற்றவர்கள் சிரித்தார்களாம். பிறகு சபை உறுப்பினர் ஒருவரே மனுவைக் கொண்டுவர வேண்டும் என்றீர்கள். அப்படி ஒருவரைப் பிடிப்பதற்குள் ஒரு மழைக்காலம் போயிற்று.

ஒருவழியாக மனு சபை ஏறியது. தலைப்பை மட்டும் வாசித்தீர்கள். சபை வழக்கப்படி “ஏற்றுக் கிடத்துக” என்று தீர்ப்பு எழுதினீர்கள். வாங்கிக்கொள், பலகையில் கிடத்து என்பது அதன் பொருள். உங்கள் பலகையில் கிடத்திய ஓலை எதுவும் பின்னர் எழுந்து நடந்ததாக வரலாறு இல்லை. தீர்ப்பைப் படியெடுத்து உரிய அலுவலருக்கு அனுப்புவதும் உங்கள் வழக்கம். விளக்குக்கு உரியவன் சுறவன் ஆகையால் அவனுக்கு அனுப்பினீர்கள்.

இங்கேதான் உங்கள் எழுத்தர் உங்களை மிஞ்சிவிட்டார். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று நாம் எவரும் ஓலையில் புள்ளி வைப்பதில்லை. ஏட்டின் முன்புறம் “ஏற்றுக்” என்ற சொல்லோடு இடம் தீர்ந்துவிட, “கிடத்துக” என்பதை அவர் பின்புறத்தில் எழுதிவிட்டார். புள்ளியில்லாத “ஏற்றுக்”, “ஏற்றுக” என்றே நின்றது. ‘வாடைக்காலத்துக் கலங்கரை விளக்கு: ஏற்றுக.’ சுறவன் படித்தான், ஏற்றினான். ஏட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை என்பதே அவன் குற்றம். சபை இவ்வளவு நல்ல தீர்ப்பைச் சொல்லியிருக்கும்போது அதற்குமேல் என்ன இருக்கப்போகிறது என்று எண்ணினானாம், பாவம்.

அந்த நாற்பத்தொரு நாளும் ஒரு தோணிகூடப் பாறையில் மோதவில்லை. வாடைக்காலத்தில் உங்களில் எவரும் கடற்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை ஆகையால், விளக்கு எரிவது சபைக்குத் தெரிய அத்தனை நாள் ஆயிற்று. தெரிந்த அன்றே அணைத்தீர்கள். ஒரு காரியத்தில் உங்கள் சபை அதே நாளில் செயல்பட்டது இந்த ஒரு முறைதான். அணைத்த நான்காம் நாள் வலம்புரியாளின் தம்பி கரை திரும்பவில்லை. பாறையிடுக்கிலிருந்து அவன் துடுப்பை எடுத்துவந்து எம் முன்னே வைத்தாள். அவள் அழவில்லை. அவையில் யாம் அழுதோம். அதைச் சொல்ல எமக்கு வெட்கமில்லை.

வெட்கம் வேறொன்றில் வந்தது. இதே விளக்குக்காக ஈராண்டுக்கு முன் எமக்கும் ஓர் ஓலை விடுத்ததாக அவள் சொன்னாள். தேடச் சொன்னோம். எம் அரண்மனைப் பலகையிலேயே, விருந்து அழைப்போலைகளுக்கு அடியில், கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. ஆகவே உங்களுக்கு அறம் உரைக்கும் தகுதி எமக்கு இல்லை. ஆணையிடும் அதிகாரம் மட்டும் இருக்கிறது.

இவ்வோலையோடு, ஒரே ஏட்டிலிருந்து நறுக்கிய இரண்டு துண்டுகளை எம் படைத்தலைவர் கொண்டுவருகிறார். நீங்கள் கேட்ட நூறு வீரரும் உடன் வருகிறார்கள். கிடங்கின் பூட்டை உடைக்கவும் எண்ணெய்க் குடம் சுமக்கவும் ஆள் வேண்டுமல்லவா? ஒரு துண்டு சபைக்கு, மற்றது சுறவனுக்கு. இரண்டின் முன்புறத்திலும் எழுதியிருப்பது ஒரே சொல்: ஏற்றுக. உங்கள் துண்டின் பின்புறம் “கிடத்துக” என்றிருக்கும். சுறவனை ஒறுக்க வேண்டும் என்ற உங்கள் மனுவை உங்கள் வழக்கம் வழுவாமல் ஏற்றுக் கிடத்திவிட்டோம்.

சுறவனுடைய துண்டின் பின்புறத்தில் ஒன்றுமில்லை. யாமே திருப்பிப் பார்த்தோம்.

வாடை ஓயும்வரை விளக்கு அணையாதிருக்க. அணைந்தால் பொறுப்பு நாற்பதின்மருக்கும் ஒருங்கே ஆகுக. இது எம் சங்கு முத்திரை இட்டு, வலம்புரியாள் அருகிருந்து கேட்க எழுதுவித்த ஆணை.

இருபுறமும் வாசிக்க.