கயிற்றுக்கு அடியில் ஈரத்துணி

அன்புள்ள மகள் லக்ஷிகாவுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் பெல்ஜியக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க மாரியம்மன் துணை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். குவாண்டம் புள்ளி என்று கண்ணுக்குத் தெரியாத பொடி செய்கிறாய், அது உடம்புச் சூட்டைப் பிடித்துப் படமாகக் காட்டும், இனி அந்தக் கேமரா மலிவாகிவிடும் என்று போன மாதம் பெருமையடித்தாய். காய்ச்சல் பார்க்க ஒரு கை போதாதா, அதற்கு நாலு வருடப் படிப்பா என்று உன்னிடமே கேட்டேன். இங்கே தோட்டத்துத் துரையும் ஒன்று வாங்கி மாட்டினார். எலிக்காய்ச்சல் பரவுகிறதாம், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் கேமரா, பக்கத்தில் அதைப் பார்த்துச் சொல்லக் கழுத்துப்பட்டி கட்டின ஒரு உத்தியோக மாத்தயா. வெயிலில் மலையேறி, கூடைக் கயிறு நெற்றியை அறுக்க வருகிறவளின் நெற்றி குளுகுளு என்றா இருக்கும்? முதல் நாளே ஒன்பது பேரைக் காய்ச்சல் என்று நாள் சம்பளம் இல்லாமல் வீட்டுக்குத் துரத்தினான். நெற்றியில் கயிறு கட்டியிருப்பதுகூடத் தெரியாத முண்டம், கேமரா பொய் சொல்லாது என்று எங்களுக்குப் பாடம் நடத்தினான். நானா விடுவேன், கயிற்றுக்கு அடியில ஈரத்துணி வச்சுக்கிட்டு வாங்கடி என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் ஒருத்தி விடாமல் தேறிவிட்டோம். காய்ச்சல் ஒழிந்தது என்று அந்தப் பெரிய மூளை துரைக்கு எழுதிக் கொடுத்தானாம்.

பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் இருளாயி அக்காவும் துணி வைத்துத்தான் தேறினாள். செவ்வாய்க்கிழமை, கெண்டைக்கால் உளையுது கலா என்று என்னிடம் சொன்னாள். எனக்கோ அவனை ஏமாற்றின சிரிப்பே அடங்கவில்லை. வியாழக்கிழமை கூடையோடு விழுந்தாள், கண் இரண்டும் மஞ்சள். இப்போது இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், சிறுநீர் இறங்கவில்லை. இரண்டு நாள் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டார். துரையையும் கேமராவையும் உன் பொடியையும் திட்டித் தீர்த்துவிட்டேன், மனம் ஆறவில்லை. அந்த இரண்டு நாளும் அவளுக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில்தான் கொழுந்து பறித்தேன். கை போதும் என்று பேசினவள், ஒரு தடவை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

உன் பொடி ஈரத்துணிக்கு அடியிலும் பார்க்குமா என்று எழுது. பார்க்காதென்றால் பெருமையை விட்டுவிட்டு அதைச் செய். அம்மன் உன்னைக் காப்பாள், அக்காவுக்காகவும் வேண்டிக்கொள். உனக்கு உடம்பு சுட்டால் மறைக்காதே, பக்கத்தில் இருப்பவளைத் தொட்டுப் பார்க்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
விஜயகலா