மந்தைவெளிக்கு ஆயர் வந்தாச்சு

மந்தைவெளி,
ஞாயிறு மாலை.

என் பிரியமுள்ள செண்பகத்துக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் சுகம். மெல்போர்னில் நீயும் மகளும் மருமகனும் நம் பேத்தியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதிக் கதையிலேயே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், மீதியை நான் யாரிடம் சொல்வது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் நீ ஒன்று கேட்டாய். நம் சபையை அடையாறு சபையோடு சேர்த்துவிடப் போகிறார்களாமே, பேத்தியின் ஞானஸ்நானத்தை மெல்போர்னிலேயே முடித்துவிடலாமா என்று. நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. கிறிஸ்துமஸுக்குள் ஒரு ஆயர் அமையாவிட்டால் கோயிலைப் பூட்டவேண்டியதுதான் என்று பேராயர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நமக்குக் கல்யாணம் நடந்த கோயில், நம் மகள் ஞானஸ்நானம் வாங்கிய கோயில். சபைச் செயலாளர் என்று பெயரை வைத்துக்கொண்டு உனக்கு நான் என்ன பதில் சொல்ல?

வந்து பார்த்த ஆயர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு குறை. ஒருவருக்கு ஆயர் வீடு சின்னது. இன்னொருவருக்குக் கார் நிறுத்த இடமில்லை. பிரசங்கத்துக்கு நடுவே பறக்கும் ரயில் தடதடவென்று போனால் எல்லோருக்குமே முகம் கோணிவிடும். டீக்கடை ஷாஹுல் ஹமீது பாய் வேறு என்னைப் பார்த்தால் போதும், "இன்னா சார், உங்க கோயிலுக்கு ஆள் கெட்ச்சாரா?" என்பார். அவருக்குப் பயந்தே தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன்.

இன்றைக்குக் கடைசியாக ஒரு ஆயர் வருவதாக இருந்தது. காலையிலிருந்து மழை. கொட்டிவாக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த அந்தத் தம்பதி ஸ்கூட்டரில் தொப்பலாக நனைந்து வந்து இறங்கினார்கள். ஆள் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி. பார்த்ததுமே ஆயர் களை! நான் ஓடிப்போய்ச் சால்வையைப் போர்த்தினேன். மாதர் சங்கத் தலைவி தங்கபுஷ்பத்தை உனக்குத் தெரியாதா? அவரோடு வந்த அம்மாவை அப்படியே சமையற்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். தலை துவட்டத் துண்டைக் கொடுத்த கையோடு, புதன்கிழமை மாதர் கூட்டம், ஞாயிறு பள்ளி, கிறிஸ்துமஸ் கேக் என்று ஆயர் மனைவிக்கு இங்கே உள்ள வேலைகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறாள்.

இங்கே நான் அவர் கொண்டுவந்த பையிலிருந்து அங்கியை எடுத்து உதறி, கையைத் தூக்குங்கள் ஐயா என்கிறேன். அவர் "சார், நான் வந்து..." என்று இழுக்கிறார். என்ன தாழ்மை பார் என்று எனக்கு மெய்சிலிர்த்துப் போனது. அங்கி பாதி தலையில் மாட்டி நிற்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு அந்த அம்மா வந்தார்.

"அண்ணே, அது எனக்குத் தைச்சது. அவருக்கு முழங்கால் வரைக்கும்தான் வரும்."

செண்பகம், பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது! ஆயர் அந்த அம்மாதான், பெயர் ஷீலா. கூட வந்த புகழேந்தி அவர் கணவர், லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். ஒரு ஆயர் வருவார் என்று மட்டும்தான் பேராயர் அலுவலகத்தில் சொன்னார்கள்; வருகிறவர் ஆணா பெண்ணா என்று நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. தோன்றவே இல்லை.

இனி இவர் எங்கே வரப்போகிறார் என்றுதான் ஆராதனை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பிரசங்கம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து ரயில் வந்தது. அவர் நிறுத்தினார். முகம் கோணவில்லை. "அதுல போறவங்களுக்காகவும் ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுவோம்" என்றார். இத்தனை வருஷமாக அந்த ரயிலைச் சபித்துக்கொண்டிருந்த சபை மொத்தமும் தலை குனிந்தது.

ஆராதனை முடிந்து சபையாரின் அபிப்பிராயம் கேட்டேன். முதலில் எழுந்தது யார் தெரியுமா? காலையில் விஷயம் தெரிந்ததும் பெண் ஆயரெல்லாம் நமக்குச் சரிப்படாது என்று ஊருக்கு முன்னால் சொன்ன அதே தங்கபுஷ்பம். "இவங்கள வுட்டுட்டு வேற யாரைத் தேடிக்கினு இருக்கப் போறீங்க?" என்று என்னையே அதட்டினாள். எல்லாக் கையும் மேலே போனது. நான் ஆயரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வர மனமிருக்கிறதா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். வேலையையெல்லாம் ஒதுக்கிக் கொடுத்த பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று சிரித்தார். ஆயர் மனைவிக்கு உள்ள வேலைகளை மட்டும் புகழேந்தி பார்த்துக்கொள்வாராம். மனிதர் தலையாட்டினார். மாதர் கூட்டத்துக்கு அவர் வந்தால் தங்கபுஷ்பம் எங்கே போய் முட்டிக்கொள்வாளோ!

மத்தியானமே பேராயர் அலுவலகத்திலிருந்து சம்மதம் சொல்லிவிட்டார்கள். சபையை இணைக்கும் பேச்சு இனி இல்லையாம். டிசம்பர் முதல் ஞாயிறு புது ஆயர் பொறுப்பேற்கிறார். வீட்டுக்கு வருகிற வழியில் பாய் கடையில் நானே நின்று சொன்னேன். அவர் டீக்குக் காசு வாங்கவில்லை.

ஆகவே, நீ கேட்ட கேள்விக்குப் பதில்: வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். ஞானஸ்நானம் நம் கோயிலில்தான். ஆயரிடம் சொல்லியும் விட்டேன்.

கர்த்தர் உங்கள் எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக. மருமகனிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடு. திரும்பிப் போகிற டிக்கெட் அவர்களுக்குப் போடட்டும், உனக்குப் போட வேண்டாம்.

உன்,
மதிவாணன்