இரண்டாவது சிப்

2010 அக்டோபர் 4, திங்கள். ஆக்ரன்

மழை. டயர் ஆலையில் என்னோடு வேலை பார்த்த ரஸ் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறான். என் வீடியோ கேம் கன்ட்ரோலரைத் திறந்து ஒரு சிப்பைப் பற்றவைத்துத் தந்தான். பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும், துப்பாக்கி விடாமல் சுடும்.

“திருட்டு ஆட்டம்னு சொல்வானுங்க, வெர்னன்.”

“தெரியும்.”

அக்டோபர் 7, வியாழன்

முதல் சிப் தேறாது. அதன் வேகத்துக்கு விளையாட்டில் வரும் துப்பாக்கி ஈடுகொடுக்கவில்லை. பாதிக் குண்டுகள் வெளியே வருவதே இல்லை. வேகத்தைக் குறைக்கவும் வழியில்லை. ரஸ் வேறொன்று வைத்தான். இதில் கூட்டலாம், குறைக்கலாம். பாதிக்கு மேல் வைத்தேன். ஒரு குண்டுகூட வீணாகவில்லை.

பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. கட்டைவிரலில் ஆள்காட்டி விரலைத் தட்டச் சொன்னார். தட்டத் தட்ட மெதுவாகி, நின்றேவிட்டது. மகள் ஜனீனிடம் சொல்லவில்லை. அவள் தொலைவில், டூசானில் இருக்கிறாள். தொலைபேசியில் எங்கள் இருவருக்கும் பேச்சே வராது. சனிக்கிழமைகளில் இணையத்தில் ஒரே அணியில் ஆடும்போதுதான் அப்பாவும் மகளும். அதையும் விடவா?

அக்டோபர் 9, சனி

எங்கள் அணியில் நான்தான் அதிகம் வீழ்த்தினேன்.

“என்னப்பா, திடீர்னு வயசு குறைஞ்சிடுச்சா?” என்றாள் ஜனீன்.

அக்டோபர் 16, சனி

ஜனீனிடம் பிடிபட்டேன். போன வார ஆட்டத்தைப் பதிவு செய்து, மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறாள்.

“குண்டுக்குக் குண்டு ஒரே இடைவெளி. மனுஷ விரல் அப்படி அடிக்காதுப்பா. சிப் வெச்சிருக்கியா?”

“ஆமா.”

“எதுக்கு?”

“ஜெயிக்கத்தான்.”

“எல்லார்கிட்டயும் உன்னைப் பத்திப் பெருமையா பேசிட்டு இருந்தேன்... விடு. இனிமே எங்ககூட வராத.”

ஆட்டத்திலிருந்து வெளியேறிவிட்டாள். ஏமாற்றுக்காரன் என்றே நினைக்கட்டும். நோயாளி என்பதைவிட அது தேவலை — தேவலையா?

அக்டோபர் 19, செவ்வாய்

சிப்பைக் கழற்றிவிடு என்றேன். ரஸ் காரணம் கேட்டான். சொன்னேன்.

“நோயை மறைக்கத் திருடன்னு பேர் வாங்குனியா? மூளைய ஆலையிலேயே விட்டுட்டு வந்துட்டியாடா?”

கழற்ற மாட்டேன் என்று கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அக்டோபர் 23, சனி

சிப்பை அணைத்துவிட்டுத் தனியே ஆடினேன். நாலு தட்டில் விரல் மெதுவாகி நின்றுவிட்டது. எதிரி என் முன்னால் நின்று நிதானமாகச் சுட்டான்.

ஜனீனைத் தொலைபேசியில் அழைத்து நோயைப் பற்றிச் சொன்னேன்.

“நான் அப்படித் திட்டுனப்பகூட நீ வாயத் திறக்கலியேப்பா.”

“உனக்கு அதுதான் லேசா இருக்கும்னு நெனச்சேன்.”

“லேசா இல்ல.”

அழுதாள். இருவருமே தொலைபேசியை வைக்கவில்லை.

நவம்பர் 6, சனி

வியாழனன்று ஜனீன் வந்தாள். என் பழைய ஆட்டங்களின் பதிவையும் கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்து சிப்பின் வேகத்தைக் குறைத்தாள்.

“இவ்வளவு போதும். நீ முன்னாடி அடிச்ச வேகம் இதுதான்.”

இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டம் தொடங்குமுன் மைக்கில் அணியிடம் பேசினாள். “அப்பாவுக்குப் பார்க்கின்சன். சிப் இருக்கும். ஒத்துவராதவங்க இப்பவே கிளம்பலாம்.”

ஒருவன் கிளம்பினான். மற்றவர்கள் இருந்தார்கள்.

முதல் ஆட்டம் தோற்றோம். பின்வாசலை நான் காவல் காத்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. சாப்பாடு வரைக்கும் ஜனீன் அதைச் சொல்லியே திட்டினாள்.