நீலத் துணிக்குப் பின்னால் ஒரு ஃபில்டர்

இன்று காலை இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோகும்போது விரலில் பெட்ரோல் வாசனை அடித்தது. நேற்றே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய கைதான். நகக்கண்ணில் மிச்சம் இருந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்தேன். ருசி தெரியவில்லை. அதற்குப் பெட்ரோல் காரணமில்லை, நீ போனதிலிருந்தே அப்படித்தான்.

கல்யாணமான புதிதில், நான் வேலை முடிந்து வந்து நின்றதும் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "எங்கப்பா வாசம் அடிக்குது. கடல் வாடைதான் இல்ல" என்றாய். அது குறையா பாராட்டா என்று கேட்டேன். "பாஸ் மார்க் வாங்கியிருக்கீங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாய்.

நேற்று உன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். உன் காரியம் முடிந்து திரும்பிய பிறகு அந்தப் பக்கம் போனது நேற்றுதான். அத்தை போன் செய்திருந்தார்கள்.

"சாப்டீங்களா மாப்ள" என்றார்கள் முதலில். சாப்பிட்டேன் என்றேன்.

"மாமாவுக்கு நடுக்கடல்ல எஞ்சின் நின்னு நின்னு போவுதாம். போன வாரம் வேற போட்டுக்காரங்க கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்களாம். எங்கிட்டச் சொல்லல. ஊருல சொல்லித்தான் எனக்கே தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார்கள். "ஒண்ணு போயிருச்சு. இவரும் நீரோட்டத்துல அந்தப் பக்கம் போயி மாட்டுனாருன்னா நான் என்ன செய்வேன், சொல்லுங்க."

நின்றுபோன எஞ்சினோடு ஒரு படகு எங்கே போய்ச் சேரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கம் என்றால் இலங்கை. அவர்கள் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் ஆளும் எப்போது வருவார் என்று தெரியாது, படகும் வராது. நீ சின்னப் பிள்ளையில், மாமா கரை சேரும்வரை வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு படகின் எஞ்சின் சத்தத்தையும் பிரித்துச் சொல்வாயாமே. அத்தைதான் ஒருமுறை சொன்னார்கள்.

டூல்ஸ் பையையும் ஒரு புது ஃபில்டரையும் வண்டியில் வைத்துக்கொண்டு அறந்தாங்கியிலிருந்து கிளம்பினேன். மணமேல்குடி தாண்டி உப்புக்காற்று முகத்தில் பட்டபோது ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

உன்னை முதலில் பார்த்ததும் அந்தக் கரையில்தான். எஞ்சின் கம்பெனியில் சர்வீசுக்கு அனுப்பியிருந்தார்கள். அரிமளத்துக்காரனுக்குக் கண்மாய் தெரியும், கடல் தெரியாது. ஷூவோடு படகில் காலை வைத்துவிட்டேன். மாமா வேறு பக்கம் பார்த்தார். நீதான் கரையிலிருந்து கத்தினாய். "சார், ஷூவக் கழட்டுங்க. எங்க வீட்டுக்குள்ளயும் இப்படித்தான் வருவீங்களா?" எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு, "வேல தெரியுது. ஏறத்தான் தெரியல" என்றாய். டிப்ளமோவில் அதற்குப் பாடம் இல்லை என்றேன். நீ சிரித்தாய். மாமா சிரிக்கவில்லை.

நேற்று ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். மாமா படகுப் பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருக்கிறார். "வாங்க மாப்ள" என்றார். "ஒங்க அத்தை ஊரயே கூட்டிருவா. எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல. அதுவும் வயசானது, நானும் வயசானவன். ரெண்டு பேரும் நடுவுல நின்னு மூச்சு வாங்கிக்கிறோம்."

படகில் ஏறி, எஞ்சின் மூடியைக் கழற்றி, கார்பரேட்டரின் அடித்திருகைத் திறந்து, வடிந்த பெட்ரோலை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தேன். அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. அதோடு இரண்டு மூன்று நூல் பிசிறு. நீல நிறம்.

நிமிர்ந்து பார்த்தேன். முன்பக்கக் கயிற்றில் உன் துப்பட்டா கட்டியிருந்தது. காலேஜ் நாளில் நீ போட்டது. மாமா பழைய வேட்டியில் பெட்ரோல் வடிகட்டுவதைப் பார்த்துவிட்டு, நீதான் அதை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாய். "நல்ல காட்டன்பா, தூசி ஒண்ணும் எறங்காது." நான் பக்கத்தில் நின்று, துணி தூசியைப் பிடிக்கும், தண்ணீரைப் பிடிக்காது என்றேன். என் காதோரம் வந்து, "அவருக்குக் கை பழகுனத மாத்தாதீங்க. மாத்துனா மாமனாரு மருமகன் பேச்சே நின்னுபோகும். வேணும்னா பக்கத்துல இன்னொண்ண வைங்க" என்றாய்.

ஆனால் அப்போது அது நல்ல துணி. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வரும், அத்தை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுவார்கள். நேற்று அது மடிப்பு மடிப்பாக விறைத்துக் கிடந்தது. தொட்டால் உப்புப் பிசுபிசுப்பு. பனியும் கடல் ஈரமும் அதிலேயே ஊறிக் கிடக்கின்றன. நடுவில் நைந்து நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது. அதை விரித்துப் பெட்ரோலை ஊற்றினால், துணியே தண்ணீரையும் நூலையும் டேங்குக்குள் இறக்கிவிடும்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அத்தையிடம் தள்ளிப்போய், துணியை ஏன் அலசவில்லை என்று கேட்டேன். "அலச விடமாட்டேங்குறாரு மாப்ள. வீட்டுக்கே கொண்டுவர விடமாட்டேங்குறாரு. அது பாட்டுக்கு அங்க கிடக்கட்டும்ங்குறாரு. எனக்கும் கேக்க வாய் வரல."

மாமா அங்கிருந்தே கேட்டார். "என்ன மாப்ள இருந்துச்சு உள்ள?"

"தண்ணி."

"தண்ணி எப்படி வரும்? நான்தான் வடிகட்டி ஊத்துறேனே."

நூல் என் கையில்தான் இருந்தது. மூடிய கையை விரிக்கவில்லை. வேறு வாடிக்கையாளராக இருந்தால் காட்டியிருப்பேன், இதுதான் கோளாறு, தூக்கிப் போடுங்கள் என்று சொல்லியிருப்பேன். இவரிடம் அந்த வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீ சொன்னது ஞாபகம் வந்தது. பக்கத்தில் இன்னொன்றை வை.

ஃபில்டரை எடுத்ததும் மாமாவுக்குக் கோபம். "போற வழியில எதுக்கு இன்னொரு செக்போஸ்ட்டு? என் மக துணி வடிகட்டாததையா இந்த டப்பா வடிகட்டப் போகுது?"

அடுத்த படகில் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தவர், "விடுங்கண்ணே. எஞ்சினுக்கு மருமகன் மூக்குக்கண்ணாடி வாங்கியாந்திருக்காரு. போட்டுப் பாத்தா வழி தெரியும்ல" என்றார்.

"ஒன் எஞ்சினுக்கு மொதல்ல பல்லுக் கட்டு" என்றார் மாமா. சொன்னாரே தவிர, நகர்ந்து இடம் கொடுத்தார்.

டேங்கை முழுதாகக் கவிழ்த்துக் கழுவிக் காயவைத்தேன். ஃபில்டரைக் காலும் வலையும் படாத, அலை அடிக்காத உள்பலகையில், கை எட்டுகிற உயரத்தில் வைத்துத் திருகினேன். டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பர் ஓஸ் குழாயை வெட்டி, டேங்கிலிருந்து வரும் முனையை உள்வழியிலும் எஞ்சினுக்குப் போகும் முனையை வெளிவழியிலும் மாட்டினேன். அம்புக்குறியை இரண்டு தடவை பார்த்தேன். கிளிப்புகளை முறுக்கினேன். கை வேலை செய்தது, நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாளிலிருந்து எல்லாமே இப்படித்தான் நடக்கிறது. கையெழுத்துப் போட்டதும் இந்தக் கைதான், நான் அல்ல. ஒரு காய்ச்சல், அதற்குப் பிறகு நீ இல்லை என்று ஒரு டாக்டர் சொன்னார், நான் தலையாட்டினேன்.

புதுப் பெட்ரோலை மாமாதான் ஊற்றினார். துப்பட்டாவை அவிழ்த்து, புனலில் விரித்து, அதன் வழியாகத்தான். நான் தடுக்கவில்லை. ஓஸில் இருக்கும் ரப்பர் பல்பைக் கெட்டியாகும்வரை அமுக்கினேன். ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணம் நிறைந்தது. இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்தேன், கசிவு இல்லை.

அத்தை சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்திருந்தார்கள். கிண்ணத்தின் நடுவில் வைக்கப் போனார்கள். "அத்தை, அங்க வேணாம். அது வழியாத்தான் உள்ள பாக்கணும். மேல மூடியில வைங்க." வைத்தார்கள். எஞ்சின் வாங்கிய அன்று பொட்டு வைத்தது நீ.

சும்மா நிறுத்தி ஓடவிட்டால் ஒன்றும் தெரியாது, பாரத்தோடு ஓட வேண்டும். மாமாவோடு நானும் ஏறினேன். அத்தை கரையில் நின்றார்கள். கரை சிறிதாகி, மரங்கள் கோடாகும்வரை போனோம். மாமா முழு வேகம் கொடுத்தார். இங்கிட்டுத்தான் போன தடவை நின்றது என்று கையைக் காட்டினார். நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடியில் தண்ணீர் சேர ஆரம்பித்தது. முதலில் ஒரு சொட்டு, பிறகு ஒரு விரல்நுனி அளவு, பெட்ரோலுக்குக் கீழே தனியாக நின்றது. அதற்கு மேல் ஒரு நீல நூல் வந்து, மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. எஞ்சின் சத்தம் மாறவில்லை.

மாமா குனிந்து பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவ துணிதான?"

"ஆமாங்க மாமா."

"தண்ணியும் அதுலேர்ந்துதானா?"

"ஆமா."

"காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு ஏன் சொல்லல?"

"கழட்டச் சொல்லுற மாதிரி ஆகிரும்னு."

அவர் சுக்கானைப் பிடித்தபடி கரையைப் பார்த்தார். அத்தை ஒரு புள்ளியாக நின்றுகொண்டிருந்தார்கள். "நூலுதான் நிப்பாட்டியிருக்கு. நான் எஞ்சினத் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகு, "நான் போயிட்டா அவளுக்கு யாரு இருக்கா" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரிந்தது. படகைத் திருப்பினார். கரைவரை எஞ்சின் ஒரு முறைகூடத் திணறவில்லை.

இறங்கியதும் துப்பட்டாவைச் சுருட்டி அத்தை கையில் கொடுத்தார். "அலசிப் போடு. நல்ல தண்ணியில." அத்தை என்னைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய்க் குழாயடியில் உட்கார்ந்து அலசினார்கள். உப்புப் போகப் போகத் துணி பழைய நிறத்துக்கு வந்தது. பிழியாமல் கொடியில் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றார்கள். அழுதார்கள். மாமா கட்டிலில் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்கியது. எனக்கு அழுகை வரவில்லை. கிண்ணத்தில் சேர்ந்த தண்ணீரை எப்படித் திறந்துவிடுவது என்று விளக்கத் தொடங்கினேன். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டார்கள்.

"உள்ள இருக்குற வடிகட்டிய எப்ப மாத்தணும்?" என்றார் மாமா.

"கொஞ்ச மாசத்துல. ஒங்களுக்கே வரும் மாமா, லேசான வேலதான்."

"எனக்கு வராது" என்றார். தாத்தா காலத்திலிருந்து படகோடு இருக்கிற மனிதர். மூன்று திருகைக் கழற்ற வராதாம்.

பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செருப்பு மாட்டும் இடத்தில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டினேன். எழுந்து, அப்படியே வண்டியை நோக்கி நடந்தேன். பின்னால் அத்தை குரல் வந்தது.

"மாப்ள, சொல்லிட்டுப் போங்க."

துக்க வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. உன் காரியத்தன்று வந்தவர்கள் எல்லாம் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்கள். நானும் அப்படித்தான் போனேன். முறை அதுதான் என்பதால் யாருக்கும் தப்பாகப் படவில்லை. நீ இல்லாத பிறகு அந்த வீட்டுக்கு நான் யார் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கேட்காமலே உறவு விட்டுப்போயிருக்கும்.

திரும்பி நின்றேன். அத்தை ஈரக்கையோடு வாசல்வரை வந்திருந்தார்கள். மாமா கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். அவர்கள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"போயிட்டு வாரேன் அத்தை. வாரேன் மாமா."

"ஆங், வாங்க" என்றார் மாமா.

அவ்வளவுதான் நடந்தது. நான் இன்னும் அழவில்லை. இன்று வேலைக்குப் போகும் வழியில் அந்த ஃபில்டருக்கான மாற்று வடிகட்டி ஒன்றை வாங்கி வண்டிப்பெட்டியில் போட்டுக்கொண்டேன். அது தேவைப்பட மாதங்கள் இருக்கின்றன. இருக்கட்டும். வாரேன் என்று சொல்லியிருக்கிறேன், போக வேண்டும்.