நான் அழிச்ச துவக்கு

1986 மார்ச் 9, ஞாயிறு.

எனக்கு எழுத்து அரைகுறை, படம்தான் கீற வரும். எங்கடை கையெழுத்துப் பத்திரிகையிலை இந்த மாதம் என்ரை படக்கதையும் என்னோடை இருக்கிற குணத்தின்ரை படக்கதையும் வந்திருக்கு. இந்த ஜேர்மன் அகதி விடுதியிலை எல்லாரும் அவன்ரையைத்தான் வாசிக்கினம். அவன்ரை கோடு என்ரையளவு நேராயும் வராது.

"ஐயா, உங்கடை ஆமிக்காரன் காத்தையோ பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்?" எண்டு பக்கத்து அறைச் செல்வி என்ரை படத்தைப் பாத்துச் சிரிச்சாள். நான் கீறின அந்தப் பட்டாளத்தான்ரை கையிலை முதல் சுடுற துவக்கு இருந்தது. பிராங்பேர்ட்டுக்குப் போட்டோக்கொப்பி அடிக்கக் குடுக்க முதல், வெள்ளை மை பூசி நானே அழிச்சனான். ஒருத்தரும் அழிக்கச் சொல்லேல்லை. பத்திரிகை ஊருக்குப் போனால் அங்கை இருக்கிற மகனுக்கு ஏதும் நடந்திடும் எண்டு பயம். குணம் தன்ரை படத்திலை துவக்கை அப்படியே விட்டிட்டான். எனக்கு எரியுது.

"உனக்குப் பயமில்லையோ?" எண்டு குணத்தைக் கேட்டன்.

"இருக்கு அண்ணை, என்ரை தம்பியும் ஊரிலைதானே. கடிதம் போட்டு அவனைக் கேட்டுத்தான் கீறினனான்."

நான் மகனைக் கேக்கேல்லை.